கையை எடுக்கச் சம்மதிக்காத நோயாளி, பிளாட்டினத்தில் தோள் வைத்த சர்ஜன்: யார் இந்த ஜூல் எமில் பெயான்?

1893, மார்ச் 11. பாரிஸில் 37 வயதுத் தொழிலாளி ஒருவர் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கிறார். காசநோய்க் கிருமி அவருடைய தோள் மூட்டை அரித்துத் தின்றுவிட்டது. இந்த நிலைக்கு அன்றைய மருத்துவத்தில் இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, தோளோடு சேர்த்துக் கையை எடுத்துவிடுவது. இன்னொன்று, கெட்டுப்போன எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கையைத் துணிப்பொம்மையின் கை மாதிரி தொங்க விடுவது.

கையை எடுக்க அந்த மனிதர் சம்மதிக்கவில்லை. கையால் உழைத்துச் சாப்பிடுகிற ஆளுக்கு அது ஒன்றும் அடம் இல்லை, கணக்குதான். எதிரில் நின்ற டாக்டர் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். எலும்பு போன இடத்தில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்த மூட்டு ஒன்றை வைத்துவிடலாம் என்றார். அந்த டாக்டர்தான் ஜூல் எமில் பெயான்.

இன்று உலகம் முழுக்க நடக்கும் தோள்பட்டை மாற்று அறுவை சிகிச்சையின் கதையை மருத்துவ வரலாறு பெரும்பாலும் அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895 நவம்பரில். ஆக, உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்று ஒரு படம்கூட எடுத்துப் பார்க்க முடியாத காலத்தில் நடந்த ஆபரேஷன் இது.

மாவு ஆலைக்காரர் மகன்

பெயான் பிறந்தது 1830 நவம்பர் 29-ம் தேதி, பிரான்ஸில் ஷாதோதுன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள மார்பூவே என்ற ஊரில். அப்பா மாவு ஆலை நடத்தியவர். பரம்பரை டாக்டர் குடும்பம் இல்லை, பாரிஸில் கை கொடுக்க ஆளும் இல்லை. ஷார்த்ர் நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மருத்துவம் படிக்க பாரிஸ் வந்தார். ஒவ்வொரு படியாக ஏறி, அந்த நகரத்தின் புகழ்பெற்ற செயின்ட் லூயி மருத்துவமனையின் சர்ஜன் ஆனார்.

அந்தக் காலத்து ஆபரேஷன் அறையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மயக்க மருந்து வந்துவிட்டது. அதனால் நோயாளி கத்துவதில்லை. ஆனால் கத்தி பட்ட இடத்திலெல்லாம் ரத்தம் பீறிடும். ஒவ்வொரு ரத்தக் குழாயையும் தேடிப் பிடித்து நூலால் கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் குழாய் கொட்டும். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன்களுக்குப் பலர் பயந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு பெயான் கண்ட தீர்வு, ரத்தக் குழாயைக் கட்டாமல் கவ்விப் பிடிப்பது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைப்பிடி. நுனியில் வெட்டும் அலகுக்குப் பதிலாகக் கவ்வும் அலகு. கைப்பிடிக்கு அருகில் பல் பல்லாக ஒரு பூட்டு. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் பிடி விடாது. 1860-களின் கடைசியில் இந்த வகை இடுக்கிகளை அவர் பயன்படுத்தத் தொடங்கினார். தேவைப்பட்டால் இடுக்கியை உடம்பிலேயே ஒரு நாள், இரண்டு நாள் விட்டுவைத்து, ரத்தம் உறைந்த பிறகு எடுப்பார்.

இன்றைக்கு எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் நர்ஸ் எடுத்து நீட்டும் 'ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் ஒரு வகைக்கு இன்னமும் பெயான் பெயரே இருக்கிறது. முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் மட்டும் பெரிய சண்டை நடந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து சர்ஜன் கோபெர்லே தனக்குத்தான் அந்த உரிமை என்றார். இங்கிலாந்தில் ஸ்பென்சர் வெல்ஸும் இதே மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்தார். ஒரே தேவை மூன்று ஊரில் இருந்தால் ஒரே பதில் மூன்று இடத்தில் முளைப்பது சகஜம். ஆனால் இதை ஒரு முழு அறுவை சிகிச்சை முறையாகவே வளர்த்து, எழுதி, எல்லோருக்கும் செய்து காட்டியதில் பெயானின் பங்கு பெரியது.

கோட்டு சூட்டில் ஆபரேஷன்

ரத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்ததும் பெயானுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. 1864-ல் பாரிஸில் கருப்பைக்கு அருகே உள்ள சினைப்பைக் கட்டியை அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1867-ல் 20 வயதுப் பெண் ஒருவருக்கு அதே போல சினைப்பைக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தால், கட்டி இருந்தது மண்ணீரலில். பாதியில் மூடிவிட்டு வராமல் மண்ணீரலையே எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தார். 1879-ல் புற்றுநோய் வந்த இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தார். அந்த நோயாளி ஐந்தாம் நாள் இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து வியன்னாவில் பில்ரோத் அதே ஆபரேஷனில் வெற்றி பெற்றார், பெயரும் அவருக்குப் போனது.

செயின்ட் லூயியில் பெயான் ஆபரேஷன் செய்யும் நாள்களில் வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். வெளிநாட்டு டாக்டர்கள், மாணவர்கள், சில சமயம் ஓவியர்களும். 1887-ல் ஆன்ரி ஜெர்வெக்ஸ் அவரைப் பெரிய ஓவியமாகவே வரைந்தார். மயக்கத்தில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டு சூட்டில் நின்று, கையில் இடுக்கியை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார் பெயான். அது இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துலூஸ் லோத்ரெக்கின் உறவினர் ஒருவர் பெயானிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடர்பில் லோத்ரெக்கும் உள்ளே வந்து, 1891 வாக்கில் அவர் ஆபரேஷன் செய்வதை வரைந்தார். அந்தப் படத்தில் பெயானின் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. விருந்துக்கு உட்காரும் ஆள் சட்டையில் குழம்பு சிந்தாமல் இருக்கக் கட்டிக்கொள்கிற மாதிரி, அவ்வளவுதான்.

படத்தைப் பார்க்கும் இன்றைய டாக்டருக்கு வயிற்றைக் கலக்கும். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. பெயானை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ரப்பர் கையுறை அப்போதுதான் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் தலைகாட்டியிருந்தது. ஆபரேஷன் அறையில் முகக்கவசம் அறிமுகமானது 1897-ல். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோள் ஆபரேஷனின் முடிவு இதோடு சம்பந்தப்பட்டது.

வயது வரம்பு காரணமாக செயின்ட் லூயியை விட்டு வெளியே வந்த பெயான், வீட்டில் உட்காரவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு, பாரிஸில் 'இன்டர்நேஷனல் ஹாஸ்பிட்டல்' என்ற மருத்துவமனையை ஆரம்பித்தார். தோள் ஆபரேஷன் நடந்தது அங்கேதான். அப்போது அவருக்கு வயது 62.

தோள் மூட்டு ஏன் இவ்வளவு கஷ்டம்?

இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பந்து. தோள் மூட்டு அப்படி இல்லை. டீ சாஸரின் மேல் வைத்த ஆரஞ்சுப் பழம் மாதிரி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது, அது உட்காரும் தோள்பட்டை எலும்பின் பள்ளம் சின்னது, ஆழமும் கிடையாது. பழம் உருண்டு விழாமல் பிடித்துவைப்பது எலும்பு இல்லை, சுற்றியுள்ள தசைகளும் நாண்களும்தான். அதனால்தான் தலைக்கு மேலே கையைத் தூக்கி, முதுகைச் சொறிந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து, எல்லாம் ஒரே மூட்டை வைத்து நம்மால் செய்ய முடிகிறது.

இந்த சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. செயற்கை மூட்டு வைக்கும் டாக்டருக்கு, அதைப் பிடித்து நிறுத்தத் தோள்பட்டைப் பக்கத்தில் கிடைக்கும் எலும்பு ரொம்பக் குறைவு. பெயானின் நோயாளிக்கு இன்னும் மோசம். பழத்தைப் பிடித்துவைக்கும் தசைகளும் நாண்களும் ஒட்டியிருக்கும் எலும்புப் பகுதியையே நோய் அழித்திருந்தது.

பல் டாக்டர் செய்த மூட்டு

இந்த மூட்டைச் செய்துகொடுத்தவர் பாரிஸில் இருந்த போர்ட்டர் மைக்கேல்ஸ் என்ற பல் மருத்துவர். தோளுக்கும் பல் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் அவரை விட்டால் வேறு ஆளே இல்லை. உயிருள்ள மனித உடம்புக்குள் தங்கம், பிளாட்டினம், கெட்டி ரப்பர் வைத்து தினமும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அன்று பல் டாக்டர்கள்தான். கெட்டிப்படுத்திய ரப்பரில் பல் செட் செய்வது அப்போதே பல வருடப் பழக்கம். எந்தப் பொருளை உடம்பு ஏற்கும், எது துருப்பிடிக்கும், எது புண்ணாக்கும் என்ற அனுபவம் எலும்பு டாக்டரைவிட அவர்களுக்கு அதிகம்.

மைக்கேல்ஸின் மூட்டில் மூன்று பகுதிகள். மேற்கை எலும்பு போன இடத்துக்கு பிளாட்டினக் குழாய் ஒன்று. அதன் உச்சியில், பாரஃபின் மெழுகில் கொதிக்கவைத்துக் கெட்டிப்படுத்திய ரப்பர் உருண்டை. அந்த உருண்டையில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு உலோக வளையம். ஒரு வளையம் உருண்டையைத் தோள்பட்டை எலும்போடு பிணைத்தது. இன்னொன்று உருண்டையைப் பிளாட்டினக் குழாயோடு பிணைத்தது.

பள்ளங்கள் குறுக்காக இருந்ததில்தான் சூட்சுமம். ஒரு வளையம் தன் பள்ளத்தில் வழுக்கும்போது கை மேலும் கீழும் போகும். இன்னொரு வளையம் வழுக்கும்போது கை திரும்பும். தசைகள் செய்ய வேண்டிய பிடிமான வேலையை வளையங்கள் எடுத்துக்கொண்டன. உருண்டை எந்தப் பக்கமும் நழுவி வெளியே வராது. வேறு ஆதாரம் இல்லாத தோளுக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் கை ஒவ்வொரு முறை அசையும்போதும் அதன் இழுவை முழுக்க, அந்தச் சின்ன எலும்பில் பொருத்திய வளையத்தின் மேல் போய் விழும். இதன் விளைவு என்ன என்று சொல்லும் அளவுக்கு அந்த மூட்டு உள்ளே இருக்கவில்லை. வேறு ஒன்று முந்திக்கொண்டது.

பெயான் கெட்ட எலும்பை அகற்றினார், மூட்டைப் பொருத்தினார், காயத்தை மூடினார். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. நோயாளி எழுந்தார். எடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்ட கை, உடம்போடு இருந்தது. அசையவும் செய்தது.

பிறகு சீழ் திரும்பி வந்தது.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் 1882-லேயே கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். எதிரி யார் என்று பெயானுக்குத் தெரியும். ஆனால் அடிக்க ஆயுதம் இல்லை. காசநோயைக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-ல், அதாவது ஐம்பது வருடம் கழித்து. உடம்பில் இருக்கும் அந்நியப் பொருள் கிருமிக்குப் பாதுகாப்பான குடியிருப்பு. ரத்த ஓட்டம் இல்லாத உலோகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எளிதில் தொட முடியாது. இரண்டு வருடம் போராடிவிட்டு, பெயான் மூட்டை வெளியே எடுத்தார்.

அதற்குள் மூட்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஓடு மாதிரி புது எலும்பை வளர்த்திருந்தது. ஆக, மூட்டு நிலைக்கவில்லை என்றாலும் அந்த இரண்டு வருடம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது.

ஒளிக்காமல் சொன்ன தோல்வி

பெயானுக்குக் கொஞ்சம் முன்னால், பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற சர்ஜன் இதே பாதையில் போயிருந்தார். யானைத் தந்தத்தில் மூட்டுகள் செய்து, 1890-ல் நோயாளிகளின் முழங்காலில் வைத்தார். தோளுக்கும் ஒன்று வடிவமைத்தார். அவருடைய நோயாளிகளும் பெரும்பாலும் காசநோய்க்காரர்கள். முடிவும் அதேதான், கிருமித் தொற்று. அவருடைய மூத்த டாக்டரான பெர்க்மான், இந்த முயற்சியை வெளியே பேசவே விடாமல் தடுத்தார் என்று வரலாறு சொல்கிறது. குளுக்கின் வேலை பல வருடம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

பெயானுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. சொந்த மருத்துவமனை, ஊரறிந்த பெயர். தோள் விஷயத்தில் அவர் மூட்டு வைத்ததையும் அதை எடுத்ததையும் பதிவு செய்துவிட்டார். செத்துப்போன யோசனை என்று யாரும் புதைக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். விளம்பரப் பிரியர் என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்த விளம்பரம் நல்லதாகவே போனது எனலாம்.

1898 ஜனவரி 30-ம் தேதி, நிமோனியாவால் பெயான் பாரிஸில் இறந்தார். வயது 67. அவர் ஆரம்பித்த மருத்துவமனைக்குப் பிறகு அவர் பெயரே வைக்கப்பட்டது.

அந்த யோசனை பிறகு என்ன ஆனது?

அரை நூற்றாண்டு கிட்டத்தட்ட மௌனம். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சார்லஸ் நீயர் என்ற சர்ஜன், நொறுங்கிப்போன மேற்கை எலும்பின் தலைக்குப் பதிலாகக் கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்தில் ஒரு தலையை வைத்தார். இந்த முறை நோயாளிகளுக்கு இருந்தது காசநோய் இல்லை, எலும்பு முறிவு. கூடவே ஆன்டிபயாடிக்கும் வந்துவிட்டது. பெயானைத் தோற்கடித்த இரண்டு விஷயங்களும் அங்கே இல்லை. 1970-களில் நீயர், எதிர்ப்பக்கமான தோள்பட்டைப் பள்ளத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் சேர்த்து, எலும்பு சிமென்ட் போட்டு ஒட்டினார்.

இப்போது நடக்கும் ஆபரேஷனின் அடிப்படை இதுதான். தோளின் முன்பக்கம், டெல்டாயிட் தசைக்கும் மார்புத் தசைக்கும் இடையில் இயற்கையாகவே உள்ள இடைவெளி வழியாக உள்ளே போவார்கள். பக்கத்திலேயே ஓடும் ஆக்ஸிலரி நரம்பைக் காயப்படுத்தாமல் இருப்பதுதான் அங்கே பெரிய கவலை. அது போனால் டெல்டாயிட் போச்சு, டெல்டாயிட் போனால் கை எழாது. முன்பக்கத் தசைநாணை விலக்கி, எலும்பின் தலையை வெட்டி எடுத்து, குழியைச் சீராக்கி உலோகத் தண்டை இறக்கி, மறுபக்கத்தில் பிளாஸ்டிக்கைப் பொருத்தி, விலக்கிய நாணைத் திரும்பத் தைத்துவிடுவார்கள்.

ஆனால் பழத்தைப் பிடித்துவைக்கும் 'ரொட்டேட்டர் கஃப்' நாண்களே கிழிந்துபோனவர்களுக்கு இது சரிவரவில்லை. பெயானின் நோயாளிக்கு இருந்த அதே பிரச்னை. 1970-களில் பலர் பெயான் மாதிரியே யோசித்தார்கள். பந்தையும் கிண்ணத்தையும் விலகாமல் பூட்டிவிட்டார்கள். இழுவை முழுக்கத் தோள்பட்டை எலும்பில் போய் விழுந்தது, பொருத்திய பாகம் தளர்ந்து கழன்றது. பெயானின் மூட்டில் பார்க்க வாய்ப்பில்லாமல் போன தோல்வியை, எண்பது வருடம் கழித்து இவர்கள் பார்த்தார்கள்.

இதைத் தீர்த்தவர் மீண்டும் ஒரு பிரெஞ்சுக்காரர். தீஜோன் நகரத்தைச் சேர்ந்த போல் கிராமோன். 1985-ல் அவர் மூட்டையே தலைகீழாக்கினார். பந்து தோள்பட்டைப் பக்கம், கிண்ணம் கைப்பக்கம். தலைகீழாக்கும் யோசனை அவருக்கு முன்பும் இருந்தது. அவர் செய்த வேலை, பந்தை நீட்டிக்கொண்டு நிற்கவிடாமல் அரைக்கோளமாக்கி எலும்போடு ஒட்டி வைத்தது. சுவரில் அடித்த ஆணியின் நுனியில் வாளியை மாட்டினால் ஆணி பிடுங்கிக்கொள்ளும், சுவரை ஒட்டி மாட்டினால் நிற்கும், இல்லையா? அதே கணக்கு. கூடவே, மூட்டு சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்ந்ததால் டெல்டாயிட் தசைக்கு நெம்புகோல் பலம் கூடியது. கிழிந்த நாண்களின் உதவி இல்லாமலே கையைத் தூக்க முடிந்தது. அமெரிக்காவில் இதற்கு 2003-ல் அனுமதி கிடைத்தது. இப்போது தோள் மாற்று ஆபரேஷன்களில் இந்த 'ரிவர்ஸ்' வகைதான் பல இடங்களில் அதிகம் நடக்கிறது.

பெயானைத் தோற்கடித்த கிருமித் தொற்று மட்டும் இன்னும் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. தோளில் இப்போது டாக்டர்கள் அதிகம் பயப்படுவது, நம் எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்கு. முகப்பருவோடு தொடர்புடைய அதே பாக்டீரியாதான். காய்ச்சல் வராது, சீழ் தெரியாது, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் மூட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்தும் வலியும் இறுக்கமும் குறையவில்லை என்றால் டாக்டர் இதையும் சந்தேகப்பட வேண்டும். இது ரொம்ப மெதுவாக வளர்வதால், மூட்டிலிருந்து எடுத்த மாதிரியை லேபில் 14 நாள்கள் வரை வைத்துப் பார்க்கிறார்கள். நாலைந்து நாளில் ஒன்றும் இல்லை என்று வரும் ரிப்போர்ட்டை அப்படியே நம்பிவிட முடியாது.

பெயான் வெளியே எடுத்த அந்த பிளாட்டினத் தோள் குப்பைக்குப் போகவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கிறது.